சீருடையைக் கொண்டாடி மருத்துவரை மறைப்பவர்கள்

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் நிற்பவருக்கு நாட்டின் வரலாறு ஒரே பார்வையில் தெரியும். மேற்கே கோட்டைவாயில், அதற்குள் பத்மதீர்த்தக் குளமும் பத்மநாபசுவாமி கோயிலும் பழைய அரண்மனையும். கிழக்கே சாலைக் கம்போளம். மூட்டை தூக்குவோரும் சிறு வணிகரும் தமிழும் மலையாளமும் கலந்து பேசும் தெரு. இரண்டுக்கும் நடுவே காந்தி பார்க். தொழிற்சங்கங்களும் மாதர் அமைப்புகளும் மாணவர்களும் பல தலைமுறைகளாகக் கூட்டம் நடத்திவரும் இடம். உள்ளே மன்னராட்சியின் கருவூலம், வெளியே உழைப்பவர் சந்தை, இடையே மக்கள் கூடும் திடல்.

இந்தத் திடலில் நின்று எழுப்ப வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. 2021 முதல் ஒன்றிய அரசு ஜனவரி 23ஆம் நாளைப் ‘பராக்கிரம தினம்’ என்று கொண்டாடுகிறது. 2022 செப்டம்பர் 8 அன்று தில்லி இந்தியா கேட் அருகே நேதாஜிக்குப் பிரம்மாண்டமான சிலை திறக்கப்பட்டது. அந்த அலங்காரத்தின் ஓரத்தில், தொப்பியும் சீருடையும் அணிந்த ஓர் இளம்பெண்ணின் படமும் இடம் பெறுகிறது. கேப்டன் லட்சுமி என்று பெயர் போட்டு, ‘வீரப் பெண்மணி’ என்று இரண்டு வரி எழுதி, முடித்துவிடுகிறார்கள். 1945க்குப் பிறகு அந்தப் பெண் 67 ஆண்டுகள் வாழ்ந்தார். அந்த 67 ஆண்டுகளில் அவர் என்ன செய்தார், யாருடன் நின்றார், யாரை எதிர்த்தார் என்பதை ஏன் சொல்வதில்லை?

சொன்னால் கொண்டாடுவோரின் முகமூடி கழன்றுவிடும் என்பதே காரணம்.

கோட்டைவாயிலில் நிறுத்தப்பட்ட மருத்துவர்

மருத்துவர் ஒருவர் அரசியலுக்கு வருவதைப் பதவி ஆசை என்றோ பொழுதுபோக்கு என்றோ பேசுவோர், இதே கோட்டையின் வரலாற்றிலிருந்து தொடங்கட்டும்.

1863இல் திருவனந்தபுரம் பேட்டையில் ஈழவக் குடும்பத்தில் பிறந்தவர் பத்மநாபன் பல்பு. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துத் தேறி ஊர் திரும்பினார். திருவிதாங்கூர் அரசின் மருத்துவத் துறை அவருக்கு வேலை தர மறுத்தது. தகுதிக் குறைவு காரணமில்லை. அவர் பிறந்த சாதியே காரணம். தெய்வத்தின் பெயரால் ஆண்ட அரசுக்கு, நோய் தீர்க்கும் கையைவிட அந்தக் கை எந்தச் சாதியினுடையது என்பது முக்கியமாகப் பட்டது. மைசூர் அரசு அவரைச் சேர்த்துக்கொண்டது. பெங்களூரைப் பிளேக் நோய் சூறையாடிய நாள்களில், உயிரைப் பணயம் வைத்து நோயாளிகளிடையே பணியாற்றியவர் திருவிதாங்கூர் வேண்டாம் என்று துரத்திய அதே மருத்துவர்.

பல்பு தன் சம்பளத்தோடு அமைதியடையவில்லை. 1891இல் மன்னருக்கு அளிக்கப்பட்ட மலையாளி மெமோரியல் விண்ணப்பத்தில் மூன்றாவது கையொப்பம் அவருடையது. 1896இல் 13,176 பேரின் கையொப்பத்துடன் ஈழவ மெமோரியலை முன்வைத்தார். படிப்புக்கும் அரசு வேலைக்கும் கதவு திறக்கக் கோரிய விண்ணப்பம் அது. கதவு திறக்கவில்லை. 1903இல் ஸ்ரீநாராயண தர்ம பரிபாலன யோகம் தோன்றியதில் அவருக்குப் பெரும் பங்கு இருந்தது. உடலில் உள்ள நோயைவிடச் சமூகத்தில் உள்ள நோய் கொடியது என்று கண்ட மருத்துவர், தன் சிகிச்சையை வீதிக்குக் கொண்டுவந்தார்.

கோயிலைச் சுற்றிய வீதிகளும் கோயில் வாயில்களும் ஒடுக்கப்பட்ட சாதியாருக்குத் திறக்க 1936 நவம்பர் 12ஆம் நாள் கோயில் நுழைவுப் பிரகடனம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அது மன்னரின் கருணையால் கனிந்த பழம் என்று இன்றும் சிலர் எழுதுகிறார்கள். 1893இல் அய்யன்காளி வில்வண்டி ஏறிப் பொதுச்சாலையில் சென்றதும், 1924இல் வைக்கத்தில் மக்கள் சிறை புகுந்ததும் இல்லாமல் எந்த மன்னருக்கும் கருணை பிறந்திருக்காது. 2011இல் அதே கோயிலின் நிலவறைகள் திறக்கப்பட்டபோது வெளிப்பட்ட பொன்னையும் மணியையும் கண்டு நாடே வாய் பிளந்தது. அவ்வளவு செல்வத்தின் மேல் அமர்ந்திருந்த அரசால், மண்ணின் மகனாகிய ஒரு மருத்துவருக்கு ஒரு வேலை தர முடியவில்லை.

ஆனக்கரையிலிருந்து சிங்கப்பூர் வரை

பல்புவைப் போல் லட்சுமி ஒடுக்கப்பட்ட வீட்டில் பிறந்தவரல்லர். 1914 அக்டோபர் 24 அன்று சென்னையில் பிறந்தார். தந்தை எஸ். சுவாமிநாதன், உயர் நீதிமன்றத்தில் புகழ்பெற்ற வழக்குரைஞர். தாய் அம்மு சுவாமிநாதன், பாலக்காட்டை அடுத்த ஆனக்கரை வடக்கத்துக் குடும்பத்தவர். பின்னாளில் அரசியல் நிர்ணய சபை உறுப்பினர், 1952இல் திண்டுக்கல்லின் மக்களவை உறுப்பினர். வசதிக்கும் செல்வாக்கிற்கும் குறைவில்லாத வீடு.

ஆனால் பிறப்பு ஒருவரின் முடிவை எழுதிவிடுவதில்லை. சிறுமியாக ஆனக்கரை வந்திருந்தபோது, தீண்டத்தகாதோராகத் தள்ளி வைக்கப்பட்டிருந்த பழங்குடிச் சிறுமி ஒருத்தியின் கையைப் பற்றி விளையாட அழைத்துச் சென்றார் லட்சுமி. பாட்டி கொதித்தார், பேத்தி பணியவில்லை. கோட்டைவாயிலில் பல்புவை நிறுத்திய அதே சட்டத்தை, அதன் பயனை அனுபவித்த வீட்டுக்குள்ளிருந்தே ஒரு குழந்தை மீறியது.

1938இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். பட்டம் பெற்றார். ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன் பல்பு படித்த அதே கல்லூரி. பின்னர் திருவல்லிக்கேணியில், சென்னை மக்கள் ‘கோஷா ஆஸ்பத்திரி’ என்று அழைத்த பெண்கள் மருத்துவமனையில் பணியாற்றினார். பர்தாப் பெண்களுக்கும் ‘சாதிப் பெண்களுக்கும்’ என்று பெயரிலேயே பிரித்து 1885இல் தொடங்கப்பட்ட மருத்துவமனை அது. பிரசவ வலிக்குக்கூடச் சாதி பார்த்த காலம்.

1940இல் சிங்கப்பூர் சென்றார். பட்டமும் குடும்பப் பெயரும் இருந்தவர், செல்வந்தர் வீதியில் மருத்துவமனை வைத்திருக்கலாம். இந்தியாவிலிருந்து பிழைக்கப் போன ஏழைத் தொழிலாளருக்காகவே மருத்துவமனை தொடங்கினார். வெள்ளைக்காரக் கம்பெனிகளின் ரப்பர் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஓட்டிச் சென்ற தமிழ்க் கூலிகளின் உலகம் அவருக்கு அங்கே அறிமுகமாயிற்று. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூரில் பிரிட்டிஷ் படை சரணடைந்தது. காயமுற்ற போர்க்கைதிகளுக்கு அவர் மருத்துவம் செய்தார்.

தோட்டத் தொழிலாளியின் கையில் துப்பாக்கி

1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து பெண்கள் படை அமைக்கும் எண்ணத்தை அறிவித்தபோது, அதற்குத் தலைமையேற்கத் துணிந்தவர் 28 வயது மருத்துவர் லட்சுமி. அவ்வாண்டு அக்டோபர் 21இல் அறிவிக்கப்பட்ட ஆசாத் ஹிந்த் தற்காலிக அரசில் மகளிர் துறைப் பொறுப்பும் அவருடையதாயிற்று. ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தவர்களில் மிகப் பலர் மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழ்ப் பெண்கள். இந்தியாவையே கண்ணால் கண்டிராதவர்கள் அவர்களிடையே ஏராளம். அவர்களுக்குத் தேசம் என்றால் கோயிலோ கொடியோ மட்டுமாக இருந்திருக்க முடியாது. கங்காணியின் பிரம்பும் துரையின் பங்களாவும் இல்லாத ஒரு வாழ்வாகத்தான் இருந்திருக்கும்.

இந்திய தேசிய ராணுவத்தில் இந்து, முஸ்லிம், சீக்கியர் ஒரே பந்தியில் உண்டார்கள். 1945 நவம்பரில் செங்கோட்டையில் தொடங்கிய விசாரணையில் குற்றவாளிகளாக நிறுத்தப்பட்ட மூவர் பிரேம் குமார் சேகல், ஷா நவாஸ் கான், குர்பக்ஷ் சிங் தில்லான்: ஓர் இந்து, ஒரு முஸ்லிம், ஒரு சீக்கியர். அந்த மூன்று பெயர்களுக்காகத்தான் நாடு தெருவுக்கு வந்தது.

அந்நாளில் இந்துத்துவ முகாம் எங்கே இருந்தது? பிரிட்டிஷ் ராணுவத்தில் இந்துக்கள் பெருமளவில் சேர வேண்டும் என்று ஆள்சேர்ப்புக்கு ஊர் ஊராக அழைப்பு விடுத்தவர் சாவர்க்கர். கிழக்கே எந்தப் படையை எதிர்த்து ஜான்சி ராணிகள் பயிற்சி பெற்றார்களோ, அந்தப் படைக்கு ஆள் திரட்டினார். 1942இல் வெள்ளையனே வெளியேறு இயக்கம் வெடித்தபோது ஆர்.எஸ்.எஸ். ஒதுங்கி நின்றது. வங்கத்தில் இந்து மகாசபையின் சியாமா பிரசாத் முகர்ஜி அமைச்சர் நாற்காலியில் இருந்தார். இந்த வரலாற்றின் வாரிசுகள் நேதாஜியின் சீருடைக்கு உரிமை கோருவது நகைப்புக்குரியது.

இடதுசாரிகளிடமும் ஒரு கேள்வி கேட்கப்படும்: போர்க்காலத்தில் கம்யூனிஸ்டுகள் போஸைக் கடுமையாகத் தூற்றவில்லையா? தூற்றினார்கள். பாசிச ஜப்பானுடன் அவர் கொண்ட கூட்டைக் கண்டித்ததில் காரணம் இருந்தது. அவருடைய தேசபக்தியையே ஐயுற்றதும் கேலிச்சித்திரம் வரைந்ததும் பிழை. ஜோதி பாசு உள்ளிட்ட தலைவர்கள் அந்தப் பிழையைப் பின்னர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்கள். தவறை ஒப்புக்கொண்ட இயக்கத்தில் நேதாஜியின் படைத் தளபதியே வந்து சேர்ந்தார். ஒப்புக்கொள்ளாதவர்கள் அவருடைய படத்தை மட்டும் எடுத்துச் செல்கிறார்கள்.

கான்பூர்: கழற்றாத வெள்ளை அங்கி

1945 மே மாதம் பர்மாவில் கைதான லட்சுமி, 1946 மார்ச்சில் இந்தியா கொண்டுவரப்பட்டார். 1947 மார்ச்சில் பிரேம் சேகலை லாகூரில் மணந்து கான்பூரில் குடியேறினார். அங்கே தொடங்குகிறது இன்றைய விளம்பரங்கள் மறைக்கும் வாழ்க்கை.

நாடு இரண்டாகப் பிளந்த அந்த ஆண்டு, கான்பூருக்கு அகதிகள் வெள்ளமாக வந்தனர். இந்து அகதி, முஸ்லிம் நோயாளி என்ற வேறுபாடு அவருடைய மருத்துவமனைக்குள் நுழையவில்லை. ஆலைத் தொழிலாளர் குடும்பங்களின் பெண்கள் அவரிடம் பிள்ளை பெற்றார்கள். 1971இல் கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகள் எல்லை கடந்தபோது, அழைப்பை ஏற்று மேற்கு வங்க எல்லை முகாம்களுக்கு மருந்துப் பெட்டியுடன் சென்றார். அக்காலத்தில்தான் மார்க்சிஸ்ட் கட்சியில் இணைந்தார். 1981இல் சென்னையில் உருவான அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கத்தின் நிறுவனர்களில் ஒருவரானார்.

1984 ஒன்றே போதும் அவரை அறிந்துகொள்ள. இந்திரா காந்தி கொலையுண்ட பின் சீக்கியர் வேட்டையாடப்பட்ட நாள்களில், கான்பூர் வீதியில் இறங்கிக் கும்பல்களைத் தடுத்து நின்றார். ஒரு மாதம் கழிந்த டிசம்பரில் யூனியன் கார்பைடு ஆலையின் நச்சுவாயு போபாலில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. மருத்துவக் குழுவுடன் அங்கே சென்றார். மதவெறி ஒருபுறம், பன்னாட்டு மூலதனத்தின் கொலைபாதகம் மறுபுறம். எழுபது வயது மருத்துவர் இரண்டிடத்திலும் நின்றார். சீருடைப் படத்தைச் சுமப்பவர்கள் இந்த இரண்டு படங்களையும் சுமப்பார்களா?

1998இல் பத்ம விபூஷண் விருதை அவருக்கு அளித்தவர் குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன். கேரளத்தில் ஒரு தலித் குடும்பத்தின் குடிசையில் பிறந்தவர் தந்த விருது அது. விருதுக்குப் பின்னும் கான்பூரில் அவர் நோயாளிகளைப் பார்ப்பதை நிறுத்தவில்லை. தொண்ணூறு வயதைக் கடந்தும் பார்த்தார்.

2002: தோற்கும் என்று தெரிந்தே நின்றது ஏன்?

தமிழ்நாட்டில் பலருக்கு இன்றும் ஒரு மனக்குறை உண்டு. ராமேசுவரத்து ஏழை வீட்டில் பிறந்து விஞ்ஞானியாக உயர்ந்த அப்துல் கலாம் குடியரசுத் தலைவர் வேட்பாளராக நின்றபோது, 87 வயது லட்சுமியை இடதுசாரிகள் எதிராக நிறுத்தியது வீம்பு என்பது அக்குறை. இதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும்.

கலாமின் எளிமையும் உழைப்பும் ஐயத்துக்கு அப்பாற்பட்டவை. கிழக்கேகோட்டையிலிருந்து அதிகத் தொலைவில் இல்லை தும்பா. 1963 நவம்பர் 21 அன்று அந்தக் கடற்கரையிலிருந்து நாட்டின் முதல் ராக்கெட் ஏறியபோது கலாம் அங்கே இளம் பொறியாளர். அவர் தன் ஆசானாகப் போற்றிய விக்ரம் சாராபாய், லட்சுமியின் தங்கை மிருணாளினியின் கணவர். ஆகவே இதில் தனிப்பட்ட பகைக்கு இடமே இல்லை. தமிழர், தமிழரல்லாதார் என்ற கணக்குக்கும் இடமில்லை. இருவருமே இந்த மண்ணில் பிறந்தவர்கள்.

கேள்வி, எந்த நேரத்தில், யாருடைய தேவைக்காக அந்தத் தேர்தல் போட்டியின்றி முடிய வேண்டும் என்பதே. 2002 பிப்ரவரி இறுதியில் குஜராத்தில் படுகொலை தொடங்கியது. அகதி முகாம்களில் முஸ்லிம் மக்கள் இன்னும் முடங்கிக் கிடந்தார்கள். நாராயணன் மீண்டும் பதவியில் தொடர வேண்டும் என்று இடதுசாரிகள் விரும்பினர், பா.ஜ.க. கூட்டணி அதற்கு இணங்கவில்லை. குஜராத்தின் ரத்தக்கறை உலர்வதற்குள், ஒரு முஸ்லிம் விஞ்ஞானியின் பெயரை முன்வைத்து நற்பெயர் தேடிக்கொள்ள அது முயன்றது. காங்கிரசும் சமாஜ்வாதியும் ஆதரித்தன. தமிழ்நாட்டில் எதிரெதிராக நின்ற தி.மு.க.வும் அ.தி.மு.க.வும் ஒரே பக்கம் சேர்ந்தன. எல்லாக் குரலும் ஒன்றாகும் நேரத்தில் மறுப்பு என்று ஒரு குரல் பதிவாகாவிட்டால், குஜராத்தைப் பற்றிக் குடியரசின் உச்சத் தேர்தலில் ஒருவர்கூடப் பேசவில்லை என்றே வரலாறு எழுதும்.

அதற்காகத்தான் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி, மார்க்சிஸ்ட் கட்சி, புரட்சிகர சோசலிஸ்ட் கட்சி, பார்வர்டு பிளாக் ஆகிய நான்கும் லட்சுமியை வேட்பாளராக்கின. நேதாஜியே தோற்றுவித்த பார்வர்டு பிளாக்கும் அந்த நால்வரில் ஒன்று என்பதை இன்றைய நேதாஜி பக்தர்கள் நினைவில் கொள்ளட்டும். முதிய வயதில் நாடெங்கும் சென்று மதச்சார்பின்மையையும் பட்டினியையும் பெண்களின் உரிமையையும் பேசினார் அவர். கலாமுக்குக் கிடைத்த வாக்கு மதிப்பு 9,22,884, லட்சுமிக்கு 1,07,366. ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. இன்று சீருடைக்கு மாலை போடும் கட்சி, அன்று அந்தச் சீருடைக்காரர் வாக்குக் கேட்டபோது எதிரணியில் நின்றது என்பதும் அந்த எண்களில்தான் பதிவாகியிருக்கிறது.

அரசியல் வேண்டாம் என்னும் அரசியல்

‘மருத்துவர் மருத்துவத்தைப் பார்க்கட்டும், அரசியல் எதற்கு’ என்னும் உபதேசம் இன்று கல்லூரி வளாகங்களிலும் தொலைக்காட்சி விவாதங்களிலும் ஓங்கி ஒலிக்கிறது. 1848இல் மேல் சிலேசியாவில் டைபஸ் காய்ச்சலை ஆராயச் சென்ற ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்ஹோ, மருந்தோடு சேர்த்துக் கல்வியையும் மக்களாட்சியையும் பரிந்துரைத்துத் திரும்பினார். சிலியின் அயெந்தேவும் அர்ஜென்டினாவில் பிறந்த சே குவேராவும் மருத்துவம் படித்தவர்கள். பட்டினியால் வரும் நோய்க்கு மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டுப் பட்டினியைப் பற்றி வாய் திறக்காதவர் பாதி மருத்துவரே.

கிழக்கேகோட்டை இருக்கும் இந்த நகரில்தான் 1957 ஏப்ரல் 5 அன்று இ.எம்.எஸ். தலைமையில் முதல் கம்யூனிஸ்ட் அமைச்சரவை பதவியேற்றது. அதன் சுகாதார அமைச்சர் ஏ.ஆர். மேனன், ஒரு மருத்துவர். ஊர்தோறும் பள்ளி, ஊர்தோறும் ஆரம்பச் சுகாதார நிலையம், நிலம் உழுபவனுக்கு என்று போராட்டங்களால் வளர்ந்த கேரளத்தின் நலவாழ்வு, அரசியலிலிருந்து ஒதுங்கிய மருத்துவத்தால் வந்ததன்று. இன்று மருத்துவக் கல்வி கோடிகளில் விலை பேசப்படுகிறது. நுழைவுத் தேர்வு என்ற பெயரில் கிராமத்து ஏழைப் பிள்ளை வாயிலிலேயே நிறுத்தப்படுகிறது. பல்புவை நிறுத்திய வாயில் இடிந்துவிட்டதாக நினைப்பவர்கள், அது பயிற்சி மையக் கட்டணமாகவும் தனியார் கல்லூரி இருக்கையாகவும் மறுபடி கட்டப்படுவதைக் காணவேண்டும். அந்த வாயிலை இடிப்பது அரசியல். அதைக் காப்பதும் அரசியல்தான்; அதற்குத்தான் ‘நடுநிலை’ என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள்.

2012 ஜூலை 23 அன்று, 97ஆம் வயதில், கான்பூரில் லட்சுமி காலமானார். கண்கள் தானமாயின. உடல் கான்பூர் மருத்துவக் கல்லூரிக்கு அளிக்கப்பட்டது. எரியூட்டலும் இல்லை, சமாதியும் இல்லை. மாணவர்களின் மேசையில் ஒரு கடைசிப் பாடம். சாதி சொல்லிக் கையைத் தடுத்த நாட்டில், அந்த உடலைத் தொட்டுக் கற்க எந்த மாணவருக்கும் தடை இருக்கவில்லை.

சிலை வைப்பவர்கள் வைக்கட்டும். ஆனால் கேப்டன் லட்சுமியின் பெயரைச் சொல்ல வரும்போது முழுப் பெயரையும் சொல்லவேண்டும்: தோட்டத் தொழிலாளரின் மருத்துவர், மதவெறிக் கும்பலை மறித்து நின்றவர், மாதர் இயக்கத்தை வளர்த்தவர், கம்யூனிஸ்ட். சொல்ல அவர்களுக்கு நா எழாது. எனவே சொல்ல வேண்டிய பொறுப்பு காந்தி பார்க்கில் கூடுவோருக்கும், சாலைக் கம்போளத்தில் மூட்டை தூக்குவோருக்கும், நாளை வெள்ளை அங்கி அணியப்போகும் ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கும் உரியது. படத்தை அவர்கள் வைத்துக்கொள்ளட்டும். அவர் தொடங்கிய சிகிச்சையை உழைக்கும் மக்கள் தொடர்வார்கள்.